இஞ்சுக்கு எத்தனை புள்ளி

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் மடக்கிக்குங்க தம்பி. பெட்டி இடிக்கும். இல்லை, மேலே கம்பியில வைக்க முடியாது. உள்ளே கண்ணாடி. டிவி. இப்பத்தான் கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு முடிச்சேன். லக்கேஜ் டிக்கெட் எடுக்கணுமாம். மடியில வைக்கிற பொருளுக்கு என்ன லக்கேஜ்? கைக்குழந்தையை மடியில வச்சா டிக்கெட் கிழிப்பியான்னு கேட்டேன். முறைச்சுக்கிட்டே போயிட்டான்.

நீங்க எது வரைக்கும்? காங்கேயமா. நான் வெள்ளகோவில். முன்னாடியே இறங்கிடுவேன். அது வரைக்கும் பொறுத்துக்குங்க.

ரிப்பேர் இல்லை. நல்லா ஓடுது. டிவிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனா ரிப்பேருக்குத்தான் போகணுமா? பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். அதுக்குத்தான் இது.

சிரிங்க. சிரிக்கிற விஷயம்தான்.

வெள்ளகோவில்ல அவ தங்கச்சி வீடு. கோயில் விசேஷம்னு சொல்லிட்டுப் போனா. விசேஷம் முடிஞ்சு பந்தலையும் பிரிச்சாச்சு. வரலை. ஏன் வரலை? அங்கே நாப்பத்து மூணு இஞ்சு டிவி இருக்கு. எங்க வீட்டுல இருக்கிறது இதோ, இருபத்து நாலு. விஷயம் அவ்வளவுதான். கட்டின புருஷனை விட்டுட்டு, பெரிய டிவி இருக்கிற வீட்டுல போய் உக்காந்துட்டா. வெளியில சொன்னா நம்ப மாட்டாங்க. அதனால சொல்றதில்லை. நீங்க காங்கேயம் போறவர். சொல்லலாம்.

பிள்ளைங்க இல்லை. அது வேற கதை. அதைக் கேக்காதீங்க.

நான் கரூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கரா இருந்தவன். பெட்ஷீட், டேபிள் கிளாத், திரைச்சீலை. எல்லாம் கப்பல்ல போற சரக்கு. நான் பாஸ் போடாம ஒரு பேல் துணி வெளியே போகாது. முதலாளி வந்து பக்கத்துல நின்னு 'விட்டுடுங்க சென்னியப்பன், கப்பல் போயிடும்'னு சொன்னாலும் விட மாட்டேன். கப்பல் போனாப் போகுது. துணி மட்டம்னா மட்டம்.

எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேளுங்க. நூல் எண்ணணும். அதுக்குன்னு ஒரு லென்ஸ் இருக்கு. மடக்குற மாதிரி, சின்னது, அடியில ஒரு இஞ்சுக்குச் சதுரமா ஓட்டை. துணி மேலே வச்சுக் குனிஞ்சு பார்த்தா, அந்த ஒரு இஞ்சுக்குள்ளே நெடுக்கே ஓடற பாவு எத்தனை, குறுக்கே ஓடற ஊடை எத்தனைன்னு ஒவ்வொரு நூலாத் தெரியும். எண்ணிக்கை அதிகம்னா துணி இறுக்கம். குறைஞ்சா சல்லடை. இதுல பேச்சுக்கே இடமில்லை. பளபளப்பு, பூப்போட்ட டிசைன், கையில தொட்டா மெத்துன்னு இருக்குன்னு சொல்றது, அதெல்லாம் ஏமாத்து வேலை. இஞ்சுக்கு எத்தனை? அது ஒண்ணுதான் கேள்வி.

அவளும் அதே கம்பெனிதான். ஓரம் மடிச்சுத் தைக்கிற செக்‌ஷன். கல்யாணத்துக்கு முன்னாடி அவ தைச்ச கட்டு ஒண்ணை நான் ரிஜெக்ட் பண்ணிட்டேன். பிரிச்சு மறுபடி தைச்சா. நாலு பேர் முன்னாடி. அப்புறம் எப்படியோ பேசி முடிச்சுட்டாங்க. மணவறையில உக்காந்துக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேக்கறா: 'நான் பாஸா, ரிஜெக்டா?'ன்னு. நான் பதில் சொல்லலை. மணவறையில என்ன பேச்சு?

சரி. டிவிக்கு வர்றேன்.

எங்க வீட்டுல பழைய டிவி ஒண்ணு இருந்துச்சு. முதுகு புடைச்சுக்கிட்டு இருக்குமே, அது. போன வருஷம் மழைக்காலத்துல ஆரம்பிச்சா. 'ஏனுங்க, படம் சரியாத் தெரிய மாட்டேங்குதுங்க.' எனக்குத் தெரியுதேன்னேன். 'எனக்குக் கலங்கலா இருக்குதுங்க.' மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும். எழுந்து போய் டிவிக்கு முட்டி இடிக்கிற மாதிரி உக்காந்துக்குவா. சின்னப் பிள்ளை மாதிரி. தள்ளி உக்காரு, கண்ணு கெட்டுப் போயிடும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேக்கவே மாட்டா. பிடிவாதம். அந்தக் குடும்பத்துக்கே உள்ளது.

நானும் எழுந்து போய்க் கிட்டத்துல பார்த்தேன். இல்லைன்னு சொல்லலை, பழசுதான். ஓரத்துல கலர் கசியுது. எழுத்து எல்லாம் ஊறிப் போன மாதிரி இருக்கு. சரி, கேக்கறா, வாங்கிக் குடுத்துடுவோம்னு கிளம்பினேன். பொண்டாட்டி கேட்டதை வாங்கித் தராதவன்னு எனக்குப் பேர் கிடையாது. அவ கேட்டதே அஞ்சாறு பொருள்தான் இருக்கும், அது வேற.

கரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெரிய கடை. உள்ளே போனா சுவர் பூராவும் டிவி. எல்லாத்துலயும் ஒரே கிளி. சிவப்புக் கிளி, மரத்துல உக்காந்து தலையை ஆட்டுது. மெர்லின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கழுத்துல அட்டை.

'வாங்க அங்கிள். பட்ஜெட் எவ்வளவு?'

பொருளைக் காட்டும்மா, பட்ஜெட் எங்கேயும் போயிடாதுன்னேன்.

'இது ஹெச்.டி. ரெடி அங்கிள். இது ஃபுல் ஹெச்.டி. அந்தச் சுவர் முழுக்க ஃபோர் கே.'

ரெடின்னா என்னம்மா?

'ரெடின்னா… அதை விட ஃபுல் ஹெச்.டி. பெட்டர் அங்கிள்.'

அப்ப ரெடின்னா ரெடியாகலைன்னு அர்த்தமா?

அந்தப் பொண்ணு சிரிச்சுருச்சு. நான் சிரிக்கலை. மட்டச் சரக்குக்கு நல்ல பேர் வைக்கிற வழக்கம் துணியிலயும் உண்டு. எனக்குத் தெரியாததா?

ஃபோர் கே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். விலை ஆகாது. அதுவும் இல்லாம அந்தப் பொண்ணே உண்மையைச் சொல்லிடுச்சு. கேபிள்ல வர்ற சேனல் எதுவும் அந்த அளவுக்கு வராதாம். வர்றதை டிவியே இழுத்து நிரப்பிக்குமாம். மட்ட நூலை வாங்கி உசந்த தறியில போடற கதை. எதுக்கு? அப்ப ஃபுல் ஹெச்.டி. காட்டுன்னேன். அதுல முப்பத்திரண்டு இருக்கு, நாப்பது இருக்கு, நாப்பத்து மூணு இருக்கு.

இதுல புள்ளி எத்தனைன்னு கேட்டேன்.

'எல்லாத்துலயும் ஒரே கணக்குதான் அங்கிள். குறுக்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. நெடுக்கே ஆயிரத்து எண்பது. ஃபுல் ஹெச்.டி.ன்னா அதுதான்.'

சைஸ் மாறினாலுமா?

'சைஸ் மாறினாலும் அது மாறாது அங்கிள்.'

எனக்கு அங்கேயே புரிஞ்சு போச்சு. நீங்களே சொல்லுங்க தம்பி. அதே எண்ணிக்கை பாவு. அதை ஒருத்தன் சின்ன அகலத்துல நெய்யறான், ஒருத்தன் பெரிய அகலத்துக்கு இழுத்துக் கட்டி நெய்யறான். எது துணி? எது கொசுவலை? இந்த ஊரே கொசுவலையைக் காசு குடுத்து வாங்கிட்டுப் போய்ச் சுவத்துல மாட்டிக்கிட்டு இருக்கு!

லென்ஸை எடுத்தேன். எப்பவும் சட்டைப் பையில இருக்கும். டிவி டிவியா வச்சு எண்ணினேன். கிட்டத்துல பார்த்தா சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கோடு சேர்ந்து ஒரு புள்ளி. எழுபது வயசு இந்தக் கண்ணுக்கு. ஒரு புள்ளி தவறலை. நாப்பத்து மூணுல இஞ்சுக்கு ஐம்பது சொச்சம். முப்பத்திரண்டுல எழுபது தேறலை. கடையில இருக்கிறவங்க எல்லாம் வேடிக்கை பார்க்கறாங்க. மேனேஜர் வந்து 'சார், ஸ்கிரீன்ல கீறல் விழும்'ங்கறான். விழாதுன்னேன். பட்டுலயே விழாது.

இதை விட இறுக்கமா எது இருக்குன்னு கேட்டேன்.

அந்தப் பொண்ணு யோசிச்சு யோசிச்சு, மூலையில இருந்து இதைக் கொண்டுவந்துச்சு. இருபத்து நாலு. 'இது ஆபீஸ் டேபிளுக்கு எடுப்பாங்க அங்கிள், கம்ப்யூட்டருக்கும் போட்டுக்கலாம், ஹாலுக்கு யாரும்…'ன்னு இழுத்துச்சு. எண்ணினேன். தொண்ணூறுக்கு மேலே! விலையும் குறைச்சல். தங்கம் மாதிரி சரக்கை மூலையில போட்டு வச்சிருக்காங்க.

பில் போடுன்னேன்.

அந்தப் பொண்ணு விடலை. 'அங்கிள், எவ்வளவு தூரத்துல உக்காந்து பார்ப்பீங்க? யார் பார்க்கறதுக்கு? ஆன்ட்டியா? ஆன்ட்டியை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன், அவங்க பார்த்துச் சொல்லட்டும்.' எனக்குக் கோபம் வந்துடுச்சு. பெட்ஷீட்டைச் செக் பண்றதுக்கு, அதுல படுத்துத் தூங்கப் போறவனைக் கூட்டிட்டு வருவாங்களா? அதுக்குத்தானே செக்கர்னு ஒருத்தன் இருக்கான்?

இது என்ன ஊரு? பரமத்தியா? இப்பத்தான் பரமத்தியா. உருட்டறான் வண்டியை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வச்சேன். கேபிள்காரனைக் கூப்பிட்டு ஹெச்.டி. பாக்ஸும் மாத்தினேன். நான் அரைகுறையா எதுவும் பண்றதில்லை. போட்டேன். படம் வருது. தம்பி, செய்தி வாசிக்கிற பொண்ணோட மூக்குத்தியில கல்லு எத்தனைன்னு எண்ணலாம். அவ்வளவு தெளிவு. அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். எப்பவும் உக்கார்ற நாற்காலி. பார்த்தா.

எப்படின்னேன்.

'நல்லா இருக்குதுங்க'ன்னா. ஒரு மாதிரியாச் சொன்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஏனுங்க, யாருங்க அது பேசறது?'ங்கறா. ஒவ்வொரு சாயங்காலமும் பார்க்கிற நாடகம்! அந்த மாமியார்காரிதான்னேன். 'குரலை வச்சு நினைச்சேன்'ங்கறா. இப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் கேப்பா. இது யாரு, இப்ப யாரு உள்ளே வந்தது, எதுக்கு எல்லாரும் அழுவறாங்க. என்னைச் சீண்டறதுக்குன்னே. நான் வாங்கிட்டு வந்த பொருள் சரியில்லைன்னு நேரா சொல்லத் தைரியம் இல்லை. அதனால இப்படி.

அப்புறம் வேலையிலயும் காட்ட ஆரம்பிச்சா. டீ ஊத்தினா டம்ளருக்கு வெளியில ஊத்துவா. சோத்துல கல்லு. சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுன்னா, ஊசியையும் நூலையும் எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவா, கோத்துக் குடுங்கன்னு. ஓரம் தைக்கிற செக்‌ஷன்ல இருந்தவளுக்கு ஊசி கோக்க ஆள் வேணுமாம்! கோலம் போடறதை நிறுத்திட்டா. பட்டப்பகல்ல சமையல்கட்டுல லைட்டு. கரண்டு பில்லு யாரு கட்டறதுன்னேன். அணைச்சுட்டா. அணைச்சுட்டு, மறுபடியும் டீயை வெளியில ஊத்தினா. எவ்வளவு ரோஷம் பாருங்க.

சுகர் மாத்திரை பல வருஷமா சாப்பிடறா. அதுல ஒரு குறையும் வைக்கிறதில்லை. நான்தான் வாங்கிக் குடுக்கறேன்.

தை மாசம் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வந்தா. வந்ததுல இருந்து ஒரே பாட்டு. 'மயிலாத்தா வீட்டுல பெருசா இருக்குதுங்க. அங்கே மூஞ்சி தெரியுதுங்க. நம்மளும் பெருசா எடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ.' மயிலாத்தாங்கறது தங்கச்சி. அவ புருஷன் நாச்சிமுத்து, எனக்குச் சகலை. எண்ணெய் மில் வச்சிருக்கான். காசு இருக்கு, விவரம் பத்தாது. கடைக்காரன் காட்டினதை மாட்டிக்கிட்டு வந்துட்டான். ஃபோர் கேவும் இல்லை. ஃபுல் ஹெச்.டி. நாப்பத்து மூணு. கொசுவலை. அதுல இவளுக்கு மூஞ்சி தெரியுதாம். நான் எண்ணி எடுத்த டிவியில தெரியலையாம்!

எனக்கு என்ன வருத்தம்னா, சின்னது பெருசுன்னு இல்லை. கம்பெனியில ஆயிரம் பேர் என் செக்கிங்கை ஒத்துக்கிட்டாங்க. வெளிநாட்டுக்காரன் ஒத்துக்கிட்டான். வீட்டுல ஒருத்தி ஒத்துக்க மாட்டேங்கறா.

ஒரு ஞாயித்துக்கிழமை. பக்கத்து வீட்டு ஆளுங்களும் வந்திருந்தாங்க, கிரிக்கெட் பார்க்க. அவங்க முன்னாடியே அந்தப் பேச்சை எடுத்தா. 'பெருசா இருந்தா எல்லாருக்கும் தெரியும் பாருங்க'ன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். லென்ஸை எடுத்து அவ கையில குடுத்தேன். டிவி கிட்ட நிறுத்தினேன். வை. குனி. எண்ணு. எத்தனைன்னு நீயே சொல்லு.

குனிஞ்சா. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தா.

'ஒண்ணுமே தெரியலைங்க'ன்னா.

பொய் சொல்லாதேன்னேன். லென்ஸை வச்சும் தெரியலைன்னா என்ன அர்த்தம்? நீ வேணும்னே சொல்றேன்னுதானே அர்த்தம்? பக்கத்து வீட்டுக்காரர் கூட 'விடுங்கண்ணா, விடுங்க'ங்கறார். எதுக்கு விடறது? நீ பாஸும் இல்லை, ரிஜெக்டும் இல்லை, எண்ணத் தெரியாத ஜென்மம்னு சொன்னேன். வாய் தவறிச் சொல்லலை. சொல்லணும்னுதான் சொன்னேன்.

அவ லென்ஸை மடக்கி என் கையில குடுத்தா. திரும்பும்போது நாற்காலியில இடிச்சுக்கிட்டுப் போனா. கோபம். அந்த வாரமே பையை எடுத்துக்கிட்டு, கோயில் விசேஷத்துக்குப் போறேன்னு கிளம்பிட்டா. பஸ் ஏத்தி விடுங்கன்னா. நீயே ஏறிக்கோன்னுட்டேன். அப்புறம் சகலைதான் வந்து கூட்டிட்டுப் போனான். பஸ் ஏறவும் ஆள் வேணும் மகாராணிக்கு.

நீங்க என்ன பேச்சையே காணோம்? தூங்கறீங்களா? இல்லையா. சரி.

தனியா இருக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மெஸ்ஸுல சாப்பிடறேன். காரம்தான் தூக்கல். வீட்டுல டிவி ஓடிக்கிட்டே இருக்கும். சத்தம் வேணுமில்ல. போன வாரம் நாடகத்துல யாரோ புதுசா ஒருத்தி வந்தா. யாருங்க அதுன்னு யாரும் கேக்கலை. நானே சொல்லிக்கிட்டேன், மருமகளோட அக்கான்னு. சொன்னப்புறம்தான், யாருக்குச் சொன்னோம்னு தோணுச்சு.

அதை விடுங்க.

மயிலாத்தா போன் பண்ணினா. ரெண்டு மூணு தடவை. 'மாமா, அக்காவுக்கு…'ன்னு ஆரம்பிப்பா. அக்காவுக்கு என்ன, அக்காவுக்குப் பெரிய டிவி கிடைச்சிருக்கு, இருந்துக்கச் சொல்லுன்னு வச்சுடுவேன். அப்புறம் சகலை பண்ணினான். 'அண்ணா, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. கோயமுத்தூர் வரைக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு…' எதைக் காட்டறது? கோயமுத்தூர்ல பெரிய கடையைக் காட்டி இதை விடப் பெருசா வாங்கித் தரப் போறானா? வேண்டாம்பா, உன் பணத்தை நீயே வச்சுக்கோன்னு அதையும் வச்சுட்டேன். குடும்பமே சேர்ந்துக்கிட்டு என்னை மட்டம் தட்டப் பார்க்குது.

நேத்து நானே கூப்பிட்டேன். ஆமா, நான்தான். யாராவது ஒருத்தர் முடிக்கணுமில்ல. நாளைக்கு வர்றேன், டிவியையும் தூக்கிட்டு வர்றேன்னேன். உங்க டிவி பக்கத்துலயே வைப்போம். அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க. எல்லாரும் பார்க்க, இஞ்சுக்கு எத்தனைன்னு நான் எண்ணிக் காட்டறேன். எது துணி, எது வலைன்னு அன்னிக்கே தீர்ந்து போகட்டும். தீர்ந்ததும் அவ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பணும்.

எண்ணிக் காட்டினா வந்துடுவாங்களான்னு கேக்கறீங்க. வராம? கண்ணுக்கு நேரா நிரூபிச்சா அப்புறம் என்ன பேச்சு?

ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். சும்மா அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். நான் மூத்த மாப்பிள்ளை. வாங்கன்னு சொல்ல ஆள் இருந்தாத்தான் போவேன். அவ பஸ் ஸ்டாண்டுக்கு வரணும். வந்து, என்னைப் பார்த்து வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லக் கூட வேண்டாம், தலையை அசைச்சாப் போதும். இறங்கிடுவேன். இல்லைன்னா இப்படியே காங்கேயம் வரைக்கும் போய், அங்கே இறங்கி, கரூர் வண்டியைப் பிடிச்சுத் திரும்பிடுவேன். அதுக்கு அப்புறம் அவளா வந்தாலும் கதவு திறக்காது. நான் சொன்னாச் சொன்னதுதான். அவளுக்குத் தெரியும்.

சகலை உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து சொன்னான், 'வர்றேங்கறாங்கண்ணா'ன்னு. பின்னாடி அவ குரல் கேட்டுச்சு. 'எந்த வண்டின்னு கேளுங்க, எங்கே நிக்கும்னு கேளுங்க'ன்னு. அவ்வளவு ஆசையா இருக்கிறவ அன்னிக்கு ஏன் போனா? பேசாம இருந்திருக்கலாமில்ல.

அதென்ன, தென்னிலை தாண்டியாச்சா? அப்ப கிட்ட வந்துட்டோம். இந்தச் சட்டை கசங்கியிருக்கா பாருங்க. பெட்டி வச்சு வச்சு… சரி போகுது.

இல்லைங்க, கண்ணுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. அவ வாழ்நாள்ல கண்ணாடி போட்டதில்லை. நானே படிக்கிறதுக்கு மட்டும்தான் போடுவேன். ஏன் கேக்கறீங்க? எல்லாத்துக்கும் நோயைத் தேடிக் கண்டுபிடிக்கிறது இப்ப ஒரு பழக்கமாப் போச்சு. பிடிவாதத்துக்கு எந்த டாக்டர்கிட்ட மருந்து இருக்கு?

வெள்ளகோவில் வந்துடுச்சு. இருங்க, எழுந்திரிக்காதீங்க. முதல்ல வந்திருக்காளான்னு பார்க்கறேன்.

அதோ.

வந்திருக்கா! நான் சொன்னேனில்ல? பழக்கடைக்கு முன்னாடி, பச்சைச் சேலை. கையில பை. பார்த்தீங்களா, துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டே வந்துட்டா. எண்ணிக் காட்டறதுக்கு முன்னாடியே தோல்வியை ஒத்துக்கிட்டா. நாச்சிமுத்து கூட்டிட்டு வந்திருக்கான். அங்கே டீக்கடையில முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறான் பாருங்க. இளைச்சிருக்கா. தங்கச்சி என்னத்தை ஆக்கிப் போடறாளோ.

இங்கேதான் பார்க்கறா. நேரா இந்த ஜன்னலைத்தான். கை காட்டறேன் பாருங்க.

பார்க்கலையா? மறுபடியும் காட்டறேன்.

என்ன இது? கையை ஆட்டறேன், சும்மா நிக்கறா. இருபது அடி கூட இருக்காது. நடுவுல ஒரு தூண் கூட இல்லை. முகத்துல ஒரு அசைவு இல்லை. யாரையோ பார்க்கிற மாதிரி பார்க்கறா.

தம்பி, நீங்களே சாட்சி. எத்தனை தடவை காட்டினேன்? மனுசன் மடியில டிவியை வச்சுக்கிட்டு, இவ்வளவு தூரம் வந்து, சின்னப் பையன் மாதிரி ஜன்னல்ல கையை ஆட்டறேன். அங்கே ஒரு தலையசைப்பு இல்லை. அப்ப எதுக்கு வந்தா? எல்லார் முன்னாடியும் என்னைக் குறுக வைக்கணும்னு வந்தாளா? அன்னிக்கு லென்ஸைக் குடுத்து நிக்க வச்சதுக்குப் பதிலா?

கூப்பிடறதா? எப்படிக் கூப்பிடறது? ஏய்னு கத்தினா பஸ் ஸ்டாண்டுல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க. பேரைச் சொல்லியா? நல்லாயிருக்கு. கட்டின நாள்ல இருந்து ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் என்னைச் சொன்னதில்லை. இப்ப பஸ்ஸுல இருந்து பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கத்தறதா, இந்த வயசுல? போனா? கண்ணு முன்னாடி நிக்கறவளுக்கு எதுக்குங்க போனு?

என்ன, 'ஐயா, அவங்களுக்கு'? நீங்களும் மயிலாத்தா மாதிரியே ஆரம்பிக்கறீங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரியாது அவளைப் பத்தி. நீங்க இப்பத்தான் பார்க்கறீங்க. நான் பார்த்துப் பார்த்துத் தேய்ஞ்சவன்.

பேரா? அவ பேரு உங்களுக்கு எதுக்குங்க? நீங்க கூப்பிடப் போறீங்களா? நல்ல கதையா இருக்கு. சொல்ல மாட்டேன்.

கண்டக்டர், போகலாம். நான் இறங்கலை. காங்கேயத்துக்கு ஒண்ணு குடுங்க.

ஏன் எழுந்திரிக்கறீங்க? பெட்டி விழுந்துடும். உக்காருங்க தம்பி. அதான் வண்டி நகந்துடுச்சில்ல.

பார்த்தீங்களா, இப்ப யாரோ ஒரு ஆளைப் பிடிச்சு என்னமோ கேக்கறா. அந்த ஆள் நம்ம வண்டியைக் கை காட்டறான். இப்பப் பாருங்க, இப்ப ஓடி வர்றா. பையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையை முன்னாடி நீட்டிக்கிட்டு. பக்கத்துல நிக்கிற ஈரோட்டு வண்டியைப் போய்த் தட்டறா. என்ன நடிப்பு.

விசில் அடிக்கச் சொல்லாதீங்க. சத்தம் போடாதீங்க, எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. உக்காருங்கன்னு சொல்றேனில்ல. இவ்வளவு நேரமும் எதிர்ல நின்னு என் முகத்தைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தா?